பெட்டிக்குக் கட்டிய துணி

சரக்கு ரயில் முனகிக்கொண்டு வந்து நிற்பதற்கு முன்பே ரமாபாயின் கைகள் சல்லடையைப் பிடித்திருந்தன. வானம் இன்னும் வெளுக்கவில்லை. தண்டவாளத்து விளக்கின் மஞ்சள் வெளிச்சம் நிலக்கரிக் குவியலின் உச்சியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று சவுக்குக் கழிகளைத் தலைப்பில் சேர்த்துக் கட்டி, நடுவில் கயிற்றால் தொங்கவிட்ட அகலமான இரும்புச் சல்லடை. இந்தப் பக்கம் ரமாபாய், எதிர்ப்பக்கம் சாபிரா. கூடை கூடையாகக் கரி வந்து விழும். இவள் தள்ள அவள் வாங்குவாள். அவள் தள்ள இவள் வாங்குவாள். தூள் கீழே பொழியும், கட்டி மேலே நின்று குலுங்கும். குலுங்கிய கட்டியை ஓரமாகச் சரித்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த கூடை.

தூள் கீழே மட்டுமா போகும்? பாதி மேலே எழும்பும். இமையில் உட்காரும், பல்லிடுக்கில் நறநறக்கும், கழுத்து வேர்வையில் கோடு கோடாக இறங்கும். வீட்டுக்குப் போய் எத்தனை சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தாலும் துப்புவது கறுப்பாகத்தான் விழும். கரி யார்டில் வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் பழைய புடவைத் துணியைக் கிழித்து மூக்கோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். கண்ணைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுகொள்ள வேண்டும்.

ரமாபாய்க்குச் சாபிராவின் கண்கூடத் தேவையில்லை. பல வருஷமாக ஒரே ஜோடி. எதிர்முனையில் நிற்கிறவளுக்கு மூச்சு சீராக ஓடுகிறதா, முட்டுகிறதா என்பது சல்லடை இரும்பு வழியாகவே உள்ளங்கைக்கு வந்துவிடும். அந்தச் சனிக்கிழமை காலையில் அது சரியாக வரவில்லை.

"இன்னாடி சாபி, சோறு துன்னியா இல்லியா? சல்லடை ஒரு பக்கமா நொண்டுது."

"துன்னேன் ரமா. நெஞ்சுக்குள்ள எவனோ வந்து குந்திகினு எந்திரிக்க மாட்றான்."

"வாடகையாவது குடுக்கறானா?"

சாபிரா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது.

"ஏ, அங்க இன்னா கச்சேரி?" என்று மேஸ்திரி கிருஷ்ணப்பன் தூரத்திலிருந்து கத்தினார். "லாரி வந்துகினு கீது! வாய் ஆடுற வேகத்துல கை ஆடட்டும்!"

ரமாபாய் தோழியின் முகத்தைப் பார்த்தாள். துணிக்கு மேலே தெரிந்த கண்கள் சிவந்து கலங்கியிருந்தன. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னாள்:

"காத்து நல்லாத்தான்டி கீது. நேத்து சாயங்காலமே பச்சைன்னு வந்துச்சு, உதயா போன்ல காட்டினா. உனுக்குத்தான் ஒடம்பு சரியில்ல. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. சாயங்காலம் போய் ஒரு ஊசி போட்டுக்கலாம்."

சாபிரா தலையாட்டினாள். பச்சை என்று வந்த பிறகு எதிர்த்துச் சொல்ல என்ன இருக்கிறது?

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

போன வருஷம் யார்டு மதிலை ஒட்டிய சந்துக்காரர்களும், யார்டிலேயே கூலிக்கு நிற்கிறவர்களும் ஒன்றாகச் சேர்ந்து ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது, வடித்த சோற்றில் கறுப்புப் படிகிறது, எத்தனை நாள் பொறுப்பது என்று கேட்டார்கள். அதிகாரி ஒருவர் வந்து பேசினார். முதலாளி தயாபரனும் வந்து உட்கார்ந்தார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் உண்டாயிற்று. சந்து முனை விளக்குக் கம்பத்தில் காற்றை அளக்கிற வெள்ளைப் பெட்டி ஒன்றை வைப்பது. அந்தப் பெட்டி சொல்வதைக் கொண்டு, இந்தப் பேட்டையில் நாளைக்குக் காற்று எப்படி இருக்கும் என்று தினமும் சாயங்காலம் எல்லார் போனுக்கும் செய்தி வரும். பச்சை, மஞ்சள் என்றால் வழக்கம் போல வேலை. சிவப்பு என்று வந்துவிட்டால் மறுநாள் சல்லடை ஆடக் கூடாது. குவியலுக்குத் தண்ணீர் அடித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, கோணி தைக்கிற வேலை மட்டும். கூலியில் கை வைக்கக் கூடாது.

முதல் சில மாதங்கள் சிவப்பு அடிக்கடி வந்தது. சிவப்பு நாள் என்றால் பெண்களுக்குப் பண்டிகை மாதிரி. நிழலில் வட்டமாக உட்கார்ந்து கோணி ஊசியை ஓட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். மூக்குத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வார்கள். சாபிராவுக்கு எடுப்புப் பல் என்பதே ரமாபாய்க்கு அந்த நாட்களில்தான் மறுபடி ஞாபகம் வரும்.

மார்கழிக்கு அப்புறம் சிவப்பு வரவேயில்லை.

பெட்டியை மாட்டிவிட்டுப் போனவன் ஆன்றோ என்கிற பையன். படித்தவன், தன்மையாகப் பேசுகிறவன். ஏணியிலிருந்து இறங்கியதும் பக்கத்தில் நின்ற ரமாபாயிடம், "அக்கா, இதுக்கு அடியில சின்ன விசிறி ஒண்ணு இருக்கு. அதுதான் காத்தை உள்ளே இழுக்கும். நம்ம மூக்கு மாதிரின்னு வச்சுக்கோங்க. ஒட்டடை கட்டாம கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். போகிறபோக்கில் சொன்னதுதான். ஆனால் ரமாபாய் யாராவது ஒன்றைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், அதைப் பார்த்துக்கொள்கிற பெண். தினமும் விடியலில் வேலைக்குப் போகும்போது சந்து முனைக் கல்லின் மேல் ஏறி, முந்தானையால் பெட்டியைத் துடைத்துவிட்டுப் போவாள்.

மார்கழிப் பனியில் தூசி மேலே போகாமல் சந்துக்குள்ளேயே தேங்கி நின்றது. துடைக்கத் துடைக்கப் பெட்டி கறுத்தது. ஒரு நாள் காலை, தன் மூக்குத்துணியை இறுக்கிக்கொண்டே அவள் அதை அண்ணாந்து பார்த்தாள். எங்களுக்காவது சாயங்காலமானால் வேலை முடிகிறது. இது பாவம், ராவும் பகலும் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு மல்துணித் துண்டைக் கொண்டுவந்து, பெட்டியின் அடிப்பக்கத்தில் நான்காக மடித்துக் கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவிழ்த்துச் சோப்புப் போட்டுத் துவைத்து, காயவைத்து மறுபடி கட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளுமளவுக்கு அதில் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. தினமும் புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று கைகூப்புகிறவள் அவள். அந்தப் பிரார்த்தனையில் ஒரு பெட்டிக்கும் இடம் கொடுத்தாள், அவ்வளவுதான். இரக்கம் என்பது அப்படித்தான் வரும். எதிரில் இருப்பது யார், இதனால் என்ன ஆகும் என்றெல்லாம் அது கேட்டுக்கொண்டு வருவதில்லை.

அந்தச் சனிக்கிழமை, வெயில் ஏறும் நேரத்தில், சல்லடை திடீரென்று கனமில்லாமல் ரமாபாயின் கைக்கு வந்தது. எதிர்முனையில் பிடி இல்லை. கண் பார்ப்பதற்கு முன்பே கை அறிந்துவிட்டது. சாபிரா மண்டியிட்டு, அப்படியே பக்கவாட்டில் சரிந்துகொண்டிருந்தாள். கரி நிறைந்த சல்லடை போன வேகத்தில் திரும்பினால் அவள் தலையில்தான் அடிக்கும். ரமாபாய் அதை விடாமல் நெஞ்சோடு அணைத்து நிறுத்தினாள். இரும்பு விளிம்பு விலாவில் இடித்தது. "உதயா! ஓடியா!" என்று கத்தினாள்.

கரி சுமந்துகொண்டிருந்த உதயா கூடையை வீசிவிட்டு ஓடிவந்தாள். கோணியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போய், சாபிராவின் தம்பி அமீருதீனின் ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். வெகுநேரத்துக்குப் பிறகு சாபிராவின் உதடு நீலம் தெளிந்தது.

"இனிமே தூசியில நிக்கவே கூடாது" என்றார் டாக்டரம்மா.

"வேலை கரி யார்டு. வூடு கரி யார்டு மதில் ஓரம்" என்றாள் சாபிரா மெதுவாக. "எங்க போய் நிக்கட்டும், நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். அவர்கள் கிளம்பும்போது தன் மேஜையிலிருந்த உறிஞ்சு மருந்து ஒன்றை எடுத்துச் சாபிராவின் கையில் வைத்து அழுத்தினார். அவரால் முடிந்தது அது.

மறுநாள் ஞாயிறு. சாபிராவைப் பார்க்கப் போகிற வழியில், வழக்கம் போலக் கல்லின் மேல் ஏறி ரமாபாய் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உதயாவும் அந்தப் பக்கமாக வந்தாள்.

"இன்னாக்கா பண்ற மேல?"

"துணி அவுக்கறேன். தொவைக்கணும்."

"இன்னா துணி?"

"இதுக்குக் கட்டினதுதான். இதுவும் மூக்குதானே. தூசி உள்ள பூடாம இருக்கட்டும்னு."

உதயா கையை நீட்டித் துணியை வாங்கினாள். வெள்ளைத் துணியின் நடுவில், விசிறி இழுத்த இடத்தில், தோசைக்கல்லில் தீய்ந்த மாதிரி வட்டமாகக் கன்னங்கரேலென்று இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்பத்திலேந்துக்கா கட்டி வெச்சுக்கீற?"

"மார்கழியிலேந்து. வாரா வாரம் தொவைச்சுடுவேன்" என்றாள் ரமாபாய், கொஞ்சம் பெருமையாகவே. "பாரேன், எவ்ளோ கலீஜு. இதெல்லாம் உள்ள போயிருந்தா பொட்டி இன்னாத்துக்கு ஆவும்?"

உதயா கல்லுக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா. அது தூசியை மோந்து பாத்துதான் சேதி சொல்லும். நீ அதை மோந்து பாக்கவே வுடல."

ரமாபாய் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று. மார்கழி, தை, மாசி என்று மனம் எண்ணிக்கொண்டு போயிற்று. இத்தனை நாளும் போனில் வந்த பச்சை எல்லாம் இந்தத் துணிக்குள் நின்ற காற்றின் பச்சை. வெளியில் நின்ற காற்றைச் சாபிரா குடித்திருக்கிறாள். 'காத்து நல்லாத்தான்டி கீது. உனுக்குத்தான் ஒடம்பு சரியில்ல.' சொன்ன வாய் இதே வாய்தான்.

அவள் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கல்லிலிருந்து இறங்கி நேரே சாபிராவின் வீட்டுக்கு நடந்தாள். செருப்பு கல்லருகிலேயே கிடந்தது. உதயா அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

சாபிரா சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு விட முடியவில்லை. ரமாபாய் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, கறுத்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். 

சாபிராவின் தோளெல்லாம் குலுங்கியது. அழுகிறாள் என்று உதயா பயந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி. பொட்டிக்கே முக்காடு போட்டு வுட்டுட்டியா?"

"சிரிக்காதடி. எனுக்கு வவுறு எரியுது. உன்னை நான்தான்..."

"ச்சீ, வாயை மூடு." சாபிரா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினாள். "நீ இன்னா விஷமா வெச்ச? தூசி போவுதேன்னு துணி கட்டின. தூசி வுட்றவன் தப்பா, துணி கட்றவ தப்பா? அத்த முதல்ல சொல்லு."

 சாபிராவின் மகள் இஷ்ரத் டீ கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

உதயா ஆன்றோவுக்குப் போன் போட்டாள். அவன் திட்டவில்லை. "நான்தான் சரியா சொல்லித் தரலக்கா" என்றான். துணியைக் கழற்றியாயிற்றே, நாளைக்கே சிவப்பு வந்துவிடுமா என்று உதயா கேட்டாள்.

"உடனே வராது. அது போன நாளையெல்லாம் பாத்துத்தான் நாளைக்கு எப்படின்னு சொல்லும். இத்தனை நாளும் சுத்தம்னே அதுல பதிஞ்சுபோச்சு. கொஞ்சம் கொஞ்சமா திருந்த நாளாகும்."

"அதுவரைக்கும் நாங்க இன்னாதான் பண்றது?"



திங்கட்கிழமை ரமாபாயும் உதயாவும் இன்னும் சில பெண்களும் முதலாளியின் அறைக்குப் போனார்கள். மேஸ்திரி கிருஷ்ணப்பனும் கூட வந்து கதவோரம் நின்றார். கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர். மூலையில் ஓர் இயந்திரம் நீல விளக்கு எரிய, மெல்லிய சத்தத்தோடு அறையின் காற்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.

"உள்ள வந்து கதவைச் சாத்துங்க. தூசி வருது பாருங்க" என்றார் தயாபரன். கெட்டவர் என்று பேர் எடுத்தவரில்லை. காலையில் விநாயகர் படத்துக்குத் தன் கையாலேயே பூ வைப்பவர். குரலை உயர்த்த மாட்டார்.

உதயா துணியை மேஜையில் விரித்தாள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"என்ன இது?"

"ஒரு வாரத்துக் காத்து, மொதலாளி."

ரமாபாய் நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்தது.

"பெட்டி வேணும்னு ரோட்ல உக்காந்தது யாரு? நீங்க. அது சொல்றபடி நடக்கணும்னு எங்கிட்ட கையெழுத்து வாங்கினது யாரு? நீங்க. நான் நடந்தேன். சிவப்புன்னா நிறுத்தினேன். பச்சைன்னா ஓட்டினேன். இப்போ அது மூஞ்சியைக் கட்டினதும் நீங்களே. இதுல நான் எங்கம்மா வர்றேன்?"

"தூசி உங்க யார்டுலேந்துதானே சார் வருது?" என்றாள் ரமாபாய்.

"தூசிக்கு அட்ரஸ் எழுதியிருக்கா? ஹார்பர் லாரி போகுது. குப்பைமேடு எரியுது. எண்ணூர்ல புகை விடறான். எல்லாத்துக்கும் என் கேட்லயே வந்து நின்னா எப்படி?"

"அப்போ சாபிராக்காவுக்கு இன்னா வழி?" என்று உதயா கேட்டாள்.

"நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். மூச்சு வாங்க முடியாதவங்களைச் சல்லடையில நிறுத்தினா அது பாவம். கிருஷ்ணப்பா, நாளைக்கு ரமாபாய்க்கு வேற ஜோடி போட்டுடு." அவர் துணியின் ஒரு முனையை விரல் நுனியால் தூக்கி உதயாவின் பக்கம் தள்ளினார். "இன்னொண்ணு. பெட்டியில யாரும் கை வைக்கக் கூடாதுன்னு பேச்சு. வச்சுட்டீங்க. ரமாபாய், உன்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்ப எனக்கு மனசு வரல. நீங்களும் அந்த ஒப்பந்தத்தை மறந்துடுங்க. சிவப்போ பச்சையோ, சல்லடை இனிமே தினமும் ஆடும்."

 ஏதாவது சொல்லத்தான் எல்லாருக்கும் வாய் துடித்தது. எது சொன்னாலும் அது ரமாபாயின் தலையில் போய் விழும் என்று தெரிந்ததால் ஒருவரும் சொல்லவில்லை.

"போறப்போ கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றார் தயாபரன்.

வெளியே வந்ததும் மலருக்குப் பொறுக்கவில்லை. அவளும் சல்லடைக்காரிதான், மூன்று பிள்ளைகளின் தாய். "உன் இரக்கத்தைக் கொண்டுபோய்க் குப்பைல போடு ரமா. ரோட்ல குந்திகினு கெஞ்சி வாங்கினது. ஒரு முழத் துணியில மூட்டை கட்டிக் குடுத்துட்ட அவன் கையில!" என்றாள். ரமாபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரம். ரமாபாய் மெழுகுவர்த்தியை ஏற்றினாள். எல்லா உயிர்களும் என்று தொடங்கினாள். அதற்கு மேல் வரவில்லை. நல்லது என்று நினைத்துச் செய்தது ஒருத்தியின் நெஞ்சை அடைத்துவிட்டது. நல்லது செய்யக்கூட எனக்கு அருகதை இல்லையோ என்று உட்கார்ந்திருந்தாள். வெளியே யார்டில் வேகன் கதவுகள் திறந்து விழும் சத்தம். சாயங்காலச் செய்தி வந்ததும் பக்கத்து வீட்டில் யாரோ உரக்கப் படித்தார்கள்: நாளைக்கும் பச்சை.

வாசலில் நிழல் விழுந்தது. மலர், கையில் மூடிய குண்டானோடு நின்றாள்.

"வாளைமீன் கொயம்பு. நீ ஒலை வெச்சிருக்க மாட்டேன்னு தெரியும்." உள்ளே வந்து உட்கார்ந்தாள். "காத்தால கோவத்துல பேசிட்டேன். துன்னு முதல்ல."

"நீ பேசினது நெசம்தானே மலரு."

"நெசமோ பொய்யோ, பசியில கேக்கற பேச்சு இல்ல அது." மலர் குரலைத் தாழ்த்தினாள். "மேஸ்திரி என்னைக் கூப்ட்டு, நாளைக்கு ரமாவோட நீ நில்லுன்னார். முடியாதுன்னுட்டேன். அது சாபிரா புடி. அவ நெஞ்சு தீய்ஞ்ச எடத்துல போய் நான் கை வெக்க மாட்டேன். வேற யாரும் வெக்க மாட்டாளுங்க, கேட்டுகினுதான் வரேன்."

ரமாபாய் சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் முன்னால் சல்லடை ஆடியது. எதிர்முனையில் மூச்சு திணறினால் தன் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் தானாகவே கை மெதுவாகும். இத்தனை வருஷம் செய்துவந்ததுதான். சனிக்கிழமை மட்டும் பச்சை என்று வந்த செய்தியை நம்பி, கை சொன்னதைக் கேட்காமல் விட்டாள்.

"பொட்டிக்குப் புத்தி வர்றதுக்கு நாளாவுமாம் மலரு" என்றாள் மெதுவாக. "சாபி நெஞ்சு இப்பவே சொல்லிகினுதான் கீது. நம்பதான் காது குடுக்கல. நம்பள்ல யாருக்கு மூச்சு கம்மியோ, அவ மூச்சுக்குத்தான் எல்லா சல்லடையும் ஆடணும். அவளால முடியலன்னா யாராலயும் முடியல. அப்படி வெச்சுகினா இன்னா?"

மலர் யோசித்தாள். "மொதலாளி வுட மாட்டான்."

"வுட மாட்டான்."

"வேலை பூடும்."

"பூட்டாலும் பூடும்."

மலர் குண்டானிலிருந்த கடைசி மீன் துண்டை எடுத்து ரமாபாயின் தட்டில் வைத்தாள். "சரி வா. சாபிரா வூட்டுக்குப் போலாம். உதயாவையும் இட்டுகினு வரேன்."

விஷயத்தைக் கேட்டதும், தான் வீட்டில் இருக்கச் சாபிரா ஒப்பவில்லை. "மதிலுக்கு இந்தாண்ட குந்தினா மட்டும் எனுக்குன்னு தனியா காத்து வருதா? கோணி தைக்கறேன். நெஞ்சு அடைச்சா ஊசியை நிறுத்துவேன். நீங்க பாத்துக்கோங்க."

ராவோடு ராவாக மலரும் உதயாவும் மற்றப் பெண்களிடமும் சொல்லிவிட்டார்கள். செவ்வாய் விடியல். அமீருதீனின் ஆட்டோ கேட் வரைக்கும் வந்து சாபிராவை இறக்கிவிட்டது. நனைத்துப் பிழிந்த துணியால் மூக்கைச் சுற்றிக்கொண்டு, தார்ப்பாய் நிழலில் கோணியோடு உட்கார்ந்தாள். கிருஷ்ணப்பன் பார்த்தார். பார்க்காத மாதிரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

எல்லாச் சல்லடைகளும் ஆடத் தொடங்கின. ரமாபாயின் சல்லடை மட்டும் சும்மா தொங்கியது. இந்த முனையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள், எதிர்முனையில் ஒருவரும் இல்லை. எல்லார் கண்ணும் அவ்வப்போது தார்ப்பாய்ப் பக்கம் போய்வந்தது. ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூசி எழுந்து, யார்டின் விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கின.

ஊசி நின்றது.

முதலில் மலரின் சல்லடை நின்றது. பிறகு அதற்கடுத்தது, அதற்கடுத்தது. கூடைகள் தரையில் இறங்கின. மார்கழிக்கு அப்புறம் யார்டில் கேட்காத அமைதி. கிருஷ்ணப்பன் விசிலை ஊதினார். ஒருவரும் அசையவில்லை. மறுபடி ஊதப் போனவர், சாபிரா மார்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பதைப் பார்த்தார். விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"மூச்சு வாங்கறா" என்றாள் ரமாபாய். "அவ எடுத்தப்பறம் ஆடும்."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு போய்த் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்து குவியல் மேல் பீய்ச்சத் தொடங்கினார். "யாருனா கேட்டா கொயா ஒடைஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க. எனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க கீது" என்று முணுமுணுத்தார். தூசி கொஞ்சம் அடங்கியது. ஊசி மறுபடி ஓடியது, சல்லடைகளும் ஓடின. மறுபடி நின்றது, அவையும் நின்றன.

லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசையாகச் சேர்ந்துவிட்டன. ஹார்ன் சத்தம் கேட்டுத் தயாபரன் காரிலிருந்து இறங்கி வந்தார், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு.

"என்ன நடக்குது? ஏன் நிக்கறீங்க?"

"மூச்சு வாங்கறோம் சார்" என்றாள் உதயா.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

அவர் போனை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இன்னைக்கும் பச்சை! கண்ணு தெரியுதா? பச்சை!"

"பொட்டிக்கு இன்னும் தெரியாது சார்" என்றாள் ரமாபாய்.  "எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"நாளைக்கே வெளியாளை இறக்கறேன். ஒருத்தரும் உள்ள வர வேணாம்."

"இறக்குங்க" என்றாள் மலர். "அவங்களும் மூச்சு வுட்றவங்கதானே? நாங்க கேட்டாண்டதான் குந்திகினு இருப்போம். பேசிக்கறோம்."

தயாபரன் கிருஷ்ணப்பனைப் பார்த்தார். கிருஷ்ணப்பன் கையில் பிடித்த குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்கு என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. வெளியாள் வரலாம், கேட் பூட்டப்படலாம், உலை கொதிக்காமல் போகலாம். ரமாபாய் சல்லடை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வரிசையின் முதல் லாரியிலிருந்து டிரைவர் தலையை வெளியே நீட்டினான். வெளியூர்க்காரன்; இரவெல்லாம் வண்டி ஓட்டிய கண்கள்.

"மேஸ்திரி, லோடு ஏத்த எவ்வளவு நேரமாகும்?"

கிருஷ்ணப்பன் முதலாளியைப் பார்த்தார். தார்ப்பாய் நிழலைப் பார்த்தார்.

"தோ, அந்தம்மா மூச்சு வாங்கினப்பறம்."

டிரைவர் எட்டிப் பார்த்தான். தன் வண்டியின் புகை கேட் வழியாக அந்த நிழலுக்குள் போவதையும் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் தலையை உள்ளே இழுத்துச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் ஒரு முறை குலுங்கி அடங்கியது. அதன் பின்னால் நின்ற லாரியும் அடங்கியது. அதற்கும் பின்னால் ஒன்று.

அந்த அமைதியில் சாபிரா மூச்சை இழுத்து விடுவது எல்லாருக்கும் கேட்டது.